மலையிலிருந்தும் குப்பத்திலிருந்தும் வரும் பெண்பிள்ளைகளைச் சட்டக் கல்லூரியில் சேர்ப்பது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தகடூர்_வக்கீல்:

எல்லாருக்கும் வணக்கம். தர்மபுரி மாவட்டத்தில் பதினோரு வருடமாக வக்கீலாக இருக்கிறேன். அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். மலைக்கிராமத்துப் பெண்கள் பட்டா வழக்குக்கும் ஜீவனாம்ச வழக்குக்கும் வந்து, தங்கள் வக்கீல் என்ன பேசுகிறார் என்று புரியாமல் வராண்டாவில் நிற்பதை வாரம் தவறாமல் பார்க்கிறேன். அவர்கள் ஊர்ப் பெண்ணே கறுப்பு கோட்டு போட்டு வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. அதனால் ஐந்தாறு வருடமாக மே மாத கோர்ட் விடுமுறையில் இரண்டு வாரத்தை இதற்கென்று ஒதுக்கி வைக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பிள்ளைகளைத் தேடிப் போய் விண்ணப்பம் போட வைப்பதுதான் வேலை.

இதுவரை எட்டுப் பேர் சேர்ந்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் முதல் வருடத்திலேயே நின்றுவிட்டார்கள். ஆனால் நான் எழுத வந்தது சேராமலே போன ஒரு பெண்ணைப் பற்றி.

போன வருடம் மலை மேலிருந்து ஒரு பிள்ளை, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவள், 600க்கு 481. வக்கீலாகத்தான் ஆவேன் என்று ஒரே பிடியாக நின்றாள். நம் அரசுச் சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். அவள் மதிப்பெண்ணுக்கும் பிரிவுக்கும் இடம் நிச்சயம் என்று நான் நம்பினேன். கடைசி நாள் மத்தியானம், பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினோம். ஓடிபி கேட்டது. முதலில் பதிவு செய்தபோது யாரோ அவள் அப்பாவின் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். தோட்டத்துக்குள் டவர் இல்லை. மேஸ்திரி நம்பருக்குப் போட்டோம், அவர் எடுத்து, ஆள் அனுப்பி, அப்பா மேட்டுக்கு ஏறி வந்து போனை ஆன் செய்வதற்குள் ஓடிபி காலாவதியாகிவிட்டது. மறுபடி அனுப்பினால் சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் நேரம் முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளை மஞ்சப்பையில் சர்டிபிகேட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினாள். அழவில்லை. "பரவாயில்லக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். கடைசி பஸ்ஸை விட்டால் மலைக்குப் போக முடியாது.

இப்போது கலைக் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். முடித்ததும் மூன்றாண்டு எல்.எல்.பி. சேர்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆனாலும் அந்த நாள் மனதை விட்டுப் போகவில்லை.

பயிற்சி வகுப்பு வேண்டும், ஆங்கிலம் வேண்டும் என்று பலரும் பேசுகிறார்கள். வேண்டியதுதான். ஆனால் எங்கள் பக்கம் பிள்ளைகள் கைநழுவிப் போவது மே, ஜூன் மாதங்களில், காகிதத்துக்கும் போனுக்கும் இடையில். பக்கத்தில் உட்கார ஒரு ஆள் இருந்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும். உங்கள் ஊரில் இதை எப்படிச் செய்கிறீர்கள்?

---

கணக்கு_டீச்சர்:

அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் பள்ளியிலும் இதேபோல் ஒன்று நடந்திருக்கிறது.

நான் கற்றுக்கொண்டது, இந்த வேலையை மே மாதத்தில் தொடங்கவே கூடாது. பதினொன்றாம் வகுப்பு ஜூனிலேயே தொடங்க வேண்டும். முதலில் சாதிச் சான்றிதழ். எஸ்.சி. பிள்ளைகளுக்குத் தாசில்தார் தருவார், பெரும்பாலும் வந்துவிடும். எஸ்.டி. என்றால் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணைக்கு வருவார்கள், தாத்தாவின் பழைய ஆவணம் கேட்பார்கள், அப்பாவின் பள்ளி டி.சி.யில் சாதிப் பெயர் வேறு மாதிரி எழுதியிருந்தால் அங்கேயே நின்றுவிடும். எங்கள் மாணவி ஒருத்திக்கு விண்ணப்பித்து ஒன்றரை வருடம் கழித்து வந்தது. அதற்குள் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. மலையாளி என்ற மலைவாழ் மக்கள் (கேரளத்து மலையாளிகள் இல்லை) தர்மபுரி, சேலம் பக்கம் எஸ்.டி. பட்டியலில் இருக்கிறார்கள். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருக்கும் அதே மக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே பாட்டிக்குப் பிறந்த இரண்டு பேத்திகளில் ஒருத்திக்கு ஒதுக்கீடு உண்டு, இன்னொருத்திக்குக் கிடையாது. இது சட்டத்தைத் திருத்தித்தான் சரியாக வேண்டும். அதுவரை அந்தப் பிள்ளைகளை எந்தப் பிரிவில் விண்ணப்பிக்க வைப்பது என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

அடுத்தது முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றையும் தலைமையாசிரியர் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் உண்டு. எங்கள் ஊரில் அது டாக்டர் படிப்புக்கு மட்டும்தான் என்று ஆசிரியர்களே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாமே அதில் அடங்கும்.

ஓடிபி விஷயத்துக்கு நாங்கள் செய்வது இதுதான். பிளஸ் ஒன் சேர்ந்த உடனே பிள்ளை பெயரில் ஒரு மெயில் ஐடி தொடங்கி, பாஸ்வேர்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் கையாலேயே எழுத வைப்போம். போன் எண்ணுக்கு அம்மாவின் நம்பர். அம்மா ஊரில்தான் இருப்பார்.

---

விழுப்புரத்தான்:

யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். எனக்கு இரண்டு பெண்கள். பெரியவள் சட்டம் படிக்கிறேன் என்றபோது நான்தான் தடுத்தேன். நர்சிங் படித்தால் மூன்று நாலு வருடத்தில் சம்பளம் வரும். வக்கீல் படிப்பு ஐந்து வருடம், அதற்கப்புறம் சீனியரிடம் போய் சும்மா நிற்க வேண்டும். கூலி வேலை பார்க்கிற வீட்டில் அதுவரை யார் சோறு போடுவது? பெண்பிள்ளை ஆம்பளைகள் நடுவில் கோர்ட் வளாகத்தில் நாள் முழுக்க நிற்க வேண்டும், ஒழுங்கான கழிப்பறைகூடக் கிடையாது. ஆசை காட்டி உள்ளே இழுத்துவிட்டு, அப்புறம் அந்தப் பிள்ளை நடுரோட்டில் நின்றால் யார் பொறுப்பு?

---

தகடூர்_வக்கீல்:

அண்ணே, நீங்கள் கேட்பதில் தப்பே இல்லை. எல்லா அப்பாக்களும் கேட்கிற கேள்விதான். பூசி மெழுகாமல் சொல்கிறேன்.

முதல் மூன்று வருடம் கஷ்டம்தான். நான் ஜூனியராக இருந்தபோது பஸ் காசு மட்டும்தான் வரும். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று சொன்னது. தாலுகா கோர்ட்டில் அப்படித் தருகிற சீனியர் யாரையும் நான் இதுவரை பார்க்கவில்லை. கழிப்பறை பற்றியும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எல்லா நீதிமன்ற வளாகங்களுக்கும் உத்தரவு போட்டிருக்கிறது. நம் ஊர் கோர்ட்டுக்கு அது வந்து சேர வேண்டும்.

ஆனால் சட்டம் படித்தால் ஆபீஸ் பிடித்து உட்காருவது ஒன்றுதான் வழி என்றில்லை. சிவில் நீதிபதி தேர்வு இருக்கிறது, அரசு உதவி வழக்கறிஞர் பணிக்கும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. ஜவ்வாது மலை ஸ்ரீபதியை நினைத்துப் பாருங்கள். பழங்குடிப் பெண். குழந்தை பிறந்து இரண்டாம் நாள் சென்னைக்குக் கார் பிடித்துப் போய் சிவில் நீதிபதி தேர்வு எழுதித் தேர்வானார். 2024 பிப்ரவரியில் செய்தி வந்தபோது அவருக்கு வயது 23. தமிழ்வழியில் படித்தது அவருக்குத் தடையாக இல்லை, தமிழ்வழியில் படித்தவர்களுக்கான ஒதுக்கீடு துணையாகத்தான் இருந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற பானுமதி அம்மாவும் ஊத்தங்கரைக்காரர்தான், எங்களுக்குப் பக்கத்து ஊர்.

எல்லாரும் ஸ்ரீபதி ஆகிவிடுவார்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. வீட்டாரை உட்கார வைத்து எட்டு வருடக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடம் படிப்பு, மூன்று வருடம் தொழில் பழகுவது. அதைக் கேட்டபிறகும் சரி என்றால்தான் விண்ணப்பம்.

---

கோவை_தன்னார்வலர்:

நான் கிளாட், அதாவது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வுப் பக்கம் வேலை செய்கிறேன். இங்கே யாரும் அதைத் தொடவில்லையே என்று எழுதுகிறேன்.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் நம் பிள்ளைகள் மிகக் குறைவாக இருப்பதற்குக் காரணம் அறிவுக் குறைவு இல்லை. கிளாட் தேர்வு டிசம்பர் முதல் வாரத்தில் நடக்கிறது. விண்ணப்பம் அக்டோபர், நவம்பரோடு முடிந்துவிடும். அதாவது பிளஸ் டூ படிக்கும்போதே எழுதியாக வேண்டும். மே மாதம் ரிசல்ட் வந்தபிறகு "சட்டம் படிக்கலாமா" என்று யோசிக்கிற வீட்டுக்கு, அந்தக் கதவு ஐந்து மாதம் முன்பே சாத்தியாகிவிட்டது. இது ஒன்று தெரியாமலே எத்தனையோ பேர் போய்விடுகிறார்கள்.

தேர்வு 2 மணி நேரம், 120 கேள்வி, முழுக்க ஆங்கிலம். கணக்குப் பகுதிகூட ஒரு பத்தி ஆங்கிலம் படித்துத்தான் போட வேண்டும். தப்பான பதிலுக்குக் கால் மதிப்பெண் போய்விடும். தேர்வுக் கட்டணமே பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 3,500. கல்லூரிக் கட்டணம் பெரும்பாலும் வருடத்துக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டும்.

இந்த நிலையை மாற்றத்தான் ஷம்னாத் பஷீர் 2010இல் ஐடியா என்ற அமைப்பைத் தொடங்கினார். சட்டப் பேராசிரியர், 2019இல் இறந்துவிட்டார். சட்டக் கல்லூரி மாணவர்களே கிராமத்துப் பள்ளிகளுக்குப் போய், பிள்ளைகளைக் கண்டுபிடித்து, பயிற்சி கொடுத்து, சேர்ந்த பிறகும் கூடவே இருப்பது அதன் முறை. எனக்குப் பிடித்தது அந்த "சேர்ந்த பிறகும்" என்பதுதான்.

என் அனுபவத்தில் தமிழ்வழிப் பிள்ளைக்குக் கிளாட் பயிற்சி என்றால் முதல் ஆறு மாதம் தினசரி ஆங்கிலப் பேப்பரில் ஒரே ஒரு செய்தி. உரக்கப் படித்து, தமிழில் சொல்லி, திரும்ப ஆங்கிலத்தில் நாலு வரி எழுத வேண்டும். வேறு எதுவும் இல்லை. சட்டக் காரணம் சொல்லும் பகுதியில் இந்தப் பிள்ளைகள் நன்றாகவே செய்கிறார்கள். ரேஷன் கடையிலும் பஞ்சாயத்திலும் நியாயம் கேட்டுப் பழகியவர்கள்.

---

கணக்கு_டீச்சர்:

கோவை சார், மதிப்போடு ஒரு மாற்றுக் கருத்து. ஒரு பிள்ளையைத் தேசியச் சட்டப் பல்கலைக்குத் தயார் செய்கிற உழைப்பில் பத்துப் பிள்ளைகளை அரசுச் சட்டக் கல்லூரியில் சேர்த்துவிடலாம். தேனி, ராமநாதபுரம், நாமக்கல், தர்மபுரி என்று இப்போது நிறைய ஊர்களில் அரசுக் கல்லூரி வந்துவிட்டது. கட்டணமும் குறைவு. எங்களுக்குப் பத்துப் பேர்தான் முக்கியம்.

---

கோவை_தன்னார்வலர்:

டீச்சர், பத்துப் பேர் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் பெரிய கம்பெனி வேலையும் உயர் நீதிமன்றத்துப் பெரிய ஆபீஸ்களும் அந்தப் பல்கலைக்கழகங்களில் இருந்துதான் ஆள் எடுக்கின்றன. அங்கே எப்போதும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே இருந்தால், நம் பிள்ளைகள் காலத்துக்கும் தாலுகா கோர்ட்டோடு நிற்க வேண்டியதுதானா? பள்ளிக்கு ஒரு பிள்ளையாவது எழுதட்டும். கிடைக்காவிட்டால் மே மாதம் அக்கா சொன்ன வழி இருக்கவே இருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று தடை இல்லை.

---

பாம்பன்_பொண்ணு:

நான் அரசுச் சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருடம். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கருவாடு விற்கிறார். சேர்ப்பதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள். சேர்ந்தபிறகு நடப்பதையும் நான் சொல்ல வேண்டும்.

முதல் நாள் வகுப்பில் ஒப்பந்தச் சட்டம். ஐயா ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம் பேசினார். எனக்கு "ஆஃபர்" என்ற வார்த்தை மட்டும் புரிந்தது, அதுவும் துணிக்கடை ஆஃபர் என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி ஹாஸ்டலில் போர்வைக்குள் அழுதேன். ஊருக்குப் போய்விடலாம் என்று பெட்டியைக்கூட எடுத்துவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த நாலாம் வருட அக்கா எழுந்து வந்து ஒன்றும் கேட்காமல் ஒரு நோட்டை நீட்டினார். பக்கத்துக்கு நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழில் அர்த்தமும் ஒரு உதாரணமும். "ஆஃபர்" என்பதற்கு நேரே "முனைவு" என்று போட்டு, கீழே "மீன் ஏலத்தில் நீ கேட்கிற விலை" என்று அவரே அப்போதே எழுதினார். அந்த அக்காவும் மீனவ வீட்டுப் பெண்தான். அடுத்த நாள் பாடம் கொஞ்சம் புரிந்தது.

தேர்வைத் தமிழில் எழுதலாம் என்பதே எனக்கு இரண்டாவது மாதம்தான் தெரியும். விண்ணப்பம் போடும்போதே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பயம் இருந்திருக்காது. மாதம் 1,000 ரூபாய் புதுமைப்பெண் திட்டப் பணம் வருகிறது. வீட்டுக்கு அது சின்னத் தொகையாகத் தெரியலாம். ஆனால் மாதாமாதம் அப்பாவிடம் கை நீட்டாமல் இருக்கிறேன். தடைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாத அந்த 61 நாளும் அதுதான் எனக்குச் செலவுக்கு.

நின்றுபோன இரண்டு பேரைப் பற்றி வக்கீல் அக்கா எழுதியிருந்தீர்கள். ஏன் நின்றார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

---

தகடூர்_வக்கீல்:

தங்கச்சி, கேட்டது நல்லது. ஒருத்திக்கு ஹாஸ்டல் கிடைக்கவில்லை. தினமும் போக வர நாலரை மணி நேரம் பஸ். இரண்டாவது செமஸ்டரில் வீட்டில் போதும் என்றுவிட்டார்கள். இன்னொருத்தி நீங்கள் அழுத மாதிரியே அழுதிருக்கிறாள். பக்கத்துக் கட்டிலில் அந்த அக்கா இல்லை. நான் போனில் பேசினேன், நேரில் போகவில்லை. போயிருக்க வேண்டும். சேர்த்துவிட்டால் என் வேலை முடிந்தது என்று நான் நினைத்த காலம் அது.

அந்த நோட்டைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?

---

ஓய்வுபெற்ற_சிரஸ்தார்:

முப்பத்து மூன்று வருடம் கோர்ட் அலுவலகத்தில் இருந்தவன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை. வருகைப்பதிவு வேண்டாம், பணம் கட்டினால் போதும், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும் என்று வெளி மாநிலக் கல்லூரிகளுக்கு ஆள் பிடிக்கிற தரகர்கள் ஊர் ஊராக வருகிறார்கள். லெட்டர்பேட் கல்லூரி என்று கோர்ட்டில் சொல்வோம். ஏழை வீடுகள்தான் நகையை அடகு வைத்து ஏமாறுகின்றன. சட்டப் படிப்பையும் வக்கீல் தொழிலையும் கவனிக்கிற பார் கவுன்சிலின் விதிப்படி ஒவ்வொரு பாடத்துக்கும் 70 சதவீத வருகை கட்டாயம். தபால் வழி எல்.எல்.பி.யை வைத்து வக்கீலாகப் பதிவு செய்யவும் முடியாது.

பதிவுக் கட்டணம் பற்றியும் பயப்படுகிறார்கள். முன்பு சில மாநிலங்களில் பல்லாயிரம் கேட்டார்கள். 2024 ஜூலை 30இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது, எஸ்.சி., எஸ்.டி. என்றால் 125 ரூபாய் என்று தீர்ப்பளித்துவிட்டது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

பெண்கள் வக்கீலாகலாம் என்று நம் நாட்டில் சட்டம் வந்ததே 1923இல்தான். அதற்கு முன் பட்டம் வாங்கிக்கொண்டு வந்த பெண்களை, பெண் என்ற ஒரே காரணத்துக்காக கல்கத்தாவிலும் பாட்னாவிலும் உயர் நீதிமன்றங்கள் திருப்பி அனுப்பின.

---

மதுரை_சுயஉதவிக்குழு:

வணக்கம் வக்கீல் மேடம். எனக்கு வயது 36. கணவர் இல்லை, மாநகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுப் பணி பார்க்கிறேன். இரண்டு பிள்ளைகள் பள்ளியில். எங்களுக்கு பி.எஃப். பிடித்ததில் குளறுபடி என்று நானே மனு எழுதி எழுதிப் பழகிவிட்டேன். குழுவில் எல்லாரும் என்னை வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முடித்திருக்கிறேன். இந்த வயதில் நான் சேர முடியுமா? கேட்பது தப்பென்றால் மன்னிக்கவும்.

---

தகடூர்_வக்கீல்:

அம்மா, மன்னிப்பெல்லாம் கேட்காதீர்கள். வயது ஒரு தடை இல்லை. மூன்றாண்டு எல்.எல்.பி. வகுப்பில் பேரன் எடுத்தவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. பத்தாவதும் பிளஸ் டூவும் தேறிவிட்டுத்தான் பி.ஏ. சேர்ந்தீர்களா? அப்படியென்றால் திறந்தநிலைப் பல்கலைப் பட்டம் செல்லும். பிளஸ் டூ இல்லாமல் நேரடியாகச் சேர்ந்து பட்டம் வாங்கியிருந்தால் பார் கவுன்சில் விதி ஏற்றுக்கொள்ளாது. அந்த விதியால் எத்தனை பெண்களைத் திருப்பி அனுப்பினேன் என்று எண்ணினால் மனசு வலிக்கும். படிக்க வசதியில்லாமல் பாதியில் நின்றவர்கள்தானே அப்படிப் படித்திருப்பார்கள்?

இன்னொன்று, வகுப்பு பகலில் நடக்கும். வேலை நேரத்தை மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும்.

---

மதுரை_சுயஉதவிக்குழு:

பிளஸ் டூ பாஸ் மேடம். 2007. மார்க் ஷீட்டைத் தேடி எடுத்துவிட்டேன், ஓரம் மட்டும் கரையான் அரித்திருக்கிறது, நம்பர் தெரிகிறது. எனக்குக் காலை அஞ்சரைக்கு வேலை, ஒன்பதரைக்கெல்லாம் முடியும். மத்தியானம் மறுபடி இரண்டு மணி நேரம் உண்டு. அதை மாற்றிக் கேட்டுப் பார்க்கிறேன்.

---

விழுப்புரத்தான்:

காலையிலிருந்து எல்லாவற்றையும் படித்தேன். சின்னவள் இப்போது பிளஸ் ஒன். அவளும் அக்கா மாதிரியே கேட்கிறாள். சாதிச் சான்றிதழ் இருக்கிறது. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

---

கணக்கு_டீச்சர்:

அண்ணே, குடும்ப அட்டை, ஆதார், பிள்ளையின் மார்க் ஷீட், டி.சி., வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை என்ற உறுதிமொழி. இ-சேவை மையத்தில் போடலாம். பெரியவள் ஏற்கெனவே பட்டம் முடித்திருந்தால் சின்னவளுக்குக் கிடைக்காது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தனிச்செய்தியில் என் நம்பர் தருகிறேன்.

---

பாம்பன்_பொண்ணு:

நோட்டை நாற்பத்திரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டேன். சில பக்கத்தில் டீ கொட்டியிருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த அக்காவிடம் கேட்டேன், யாருக்கு வேண்டுமானாலும் கொடு என்றார்.

---

தகடூர்_வக்கீல்:

வந்து சேர்ந்தது தங்கச்சி. பிரிண்ட் போட்டு வைக்கிறேன்.

இந்த மே மாதம் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கு எல்லாக் காகிதமும் தயார். மூன்றாமவளுக்குத் தேனியில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. கலந்தாய்வு முடிந்து சேரும் நாளில் ஹாஸ்டல் விண்ணப்பம் வரைக்கும் கூட இருக்கவும், முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கவும் தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டிப் பக்கத்தில் ஒரு பெண் வேண்டும். வக்கீலாக இருக்க வேண்டும் என்றில்லை. யாராவது இருக்கிறீர்களா?